ஜூலையில் பூத்த மஞ்சள்

நியூ எம்டன், அயோவா
ஜூலை 6, 1978

அக்கா கெசினாவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் ஐந்தாவது வார்த்தைக்குள் நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம்.

ஹில்காவின் கைகள் இரண்டும் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கொப்புளித்துப் போயிருக்கின்றன. நான்காம் தேதி சுதந்திர தினத்துக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள், கல்லறைகளைப் பார்ப்பார்கள், நம் குடும்பத்துக் கற்கள் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று போன சனிக்கிழமை துடைக்கப் போனாள். உன் ட்ரீனாவின் பெயரே தெரியாதபடி செடி மண்டியிருந்ததாம். அரைக்கைச் சட்டையோடு வெறுங்கையால் ஒதுக்கிவிட்டுக் கல்லைத் துடைத்திருக்கிறாள். அன்றைக்கு ஒன்றுமில்லை. மறுநாள் சபைக்குக்கூட வந்தாள். திங்கட்கிழமை கை தீயில் வைத்ததுபோல் ஆகிவிட்டது. செடியின் சாறு தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் இப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். தழும்பு மறைய வருடம்கூட ஆகலாமாம். தேநீர்க் கோப்பையை அவளால் தூக்க முடியவில்லை. நான் தூக்கிக் கொடுக்கிறேன்.

பூ மஞ்சள். குடைபோல விரிந்த கொத்து. எல்லாம் நீ உறையில் போட்டு அனுப்பிய விதை. இரண்டு வருடத்துக்கு முன்னால், நீ தட்டச்சு செய்து அனுப்பிய ஒரு பக்கக் கட்டளைப்படி, நவம்பரில் முதல் உறைபனி விழுந்த பிறகு மண்ணைக் கீறித் தூவியவன் நான். ஊரில் இதற்குக் காட்டு பார்ஸ்னிப் என்று பெயர். சாலையோரம் கண்டால் வெட்டச் சொல்லிச் சட்டமே இருக்கிறது. அதை நாங்கள் நம் பெண்ணின் கல்லறையில் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

கல்லறைக் குழு இருபத்திரண்டாம் தேதி கூடுகிறது. செடியை வேரோடு தோண்டிவிட்டு மற்ற இடங்களைப் போலப் புல் விரிக்க வேண்டும் என்று தலைவர் ராடமாக்கர் தீர்மானம் கொண்டுவருகிறார். குழுவில் நாங்கள் மூன்று பேர். நான் எதிர்க்கப் போவதில்லை. உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

ஃபோல்கெர்ட்


டுலூத், மினசோட்டா
ஜூலை 11, 1978

ஃபோல்கெர்ட்,

அந்தச் செடியை நீ தொட்டால் எனக்குத் தம்பி என்று ஒருவன் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதுகிறேன், நீ எதையும் கடைசிவரை படிக்கிறவன் இல்லை.

உன் மனைவியின் கைகளுக்காக வருந்துகிறேன். அவளிடம் சொல். ஆனால் வேலியோரத்து வாய்க்காலில் வருடா வருடம் பார்ஸ்னிப் வளர்வது எனக்குத் தெரியும். நீங்கள் யாரும் அதை வெட்டியதில்லை என்பதும் தெரியும். அதை மிதித்துக்கொண்டு வந்துவிட்டுப் பழியை என் மகளின் தலைமாட்டில் போடாதே.

நான் அனுப்பியது தங்க அலெக்சாந்தர். இந்த மண்ணுக்கே உரிய பூ. நம் கொள்ளுத்தாத்தா கப்பலை விட்டு இறங்கி ஏர் பூட்டுவதற்கு முன்பே, அந்தப் புல்வெளியிலும் ஓக் மரங்களின் இடைவெளியிலும் வருடா வருடம் அதே வேரிலிருந்து தழைத்துப் பூத்துக்கொண்டிருந்தது. பார்ஸ்னிப்தான் நம்மைப் போலப் பின்னால் வந்து இடம் பிடித்தது. இரண்டும் மஞ்சள், இரண்டும் குடைக்கொத்து, அது போதும் உங்களுக்கு. வித்தியாசம் பார்க்கத் தெரியாமல் மே மாதமே மருந்தடித்துக் கொல்கிறீர்கள்.

பார்க்கத் தெரியாவிட்டால் சொல்லித் தருகிறேன். இலையை எடு. ஒரு காம்பில் மூன்று மூன்றாகப் பிரிந்த சிற்றிலைகள், விளிம்பில் ரம்பம்போல நெருக்கமான சிறு பற்கள். உயரம் முழங்காலைத் தாண்டி இடுப்புக்குள். பூ மே மாதம், ஜூன் நடுவில் முடிந்துவிடும். பெரிய குடைக்குள் இருக்கும் ஒவ்வொரு சின்னக் குடையிலும் நடுவில் உள்ள பூவுக்குக் காம்பே இருக்காது, மற்றவை மட்டும் காம்பில் நிற்கும். இருபது வருடமாக இதை வெறுங்கையால் பறிக்கிறேன். ஒரு அரிப்புகூட வந்ததில்லை.

அந்த நடுப்பூவை ட்ரீனா பதினொரு வயதில் தானாகப் பார்த்தாள். நான் சொல்லவில்லை, புத்தகமும் அவள் கையில் இல்லை. "அம்மா, நடுவுல இருக்கறதுக்கு மட்டும் காலே இல்ல" என்றாள். முப்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். அதைத் தானாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவள்மேல் அந்தப் பூதான் இருக்க வேண்டும். உங்கள் புல்வெட்டி இயந்திரம் அவள்மேல் ஓடக் கூடாது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். கோடை விடுமுறையில் உன் வயலில் மக்காச்சோளத்துக்குக் கொண்டை கிள்ள வந்த பெண் அவள். உன் பிக்கப் வண்டியில் போனாள். சரளைச் சாலை முக்கில் குறுக்கே வந்த லாரி தெரியாத அளவுக்கு உன் சோளம் நின்றது. நான்கு வருடமாக இதை எழுதக் கூடாது என்று இருந்தேன்.

கெசினா


நியூ எம்டன்
ஜூலை 16, 1978

அக்கா,

கடைசிவரை படித்தேன். கடைசியில் இருந்ததை இரண்டு முறை படித்தேன்.

முதலில் செடி. நேற்று அளவுகோலை எடுத்துக்கொண்டு, தோல் கையுறை போட்டுக்கொண்டு போனேன். உயரம் நாலடி எட்டு அங்குலம். என் சட்டையின் இரண்டாவது பொத்தான்வரை வருகிறது. ஒரு காம்பில் சிற்றிலை பதினொன்று. மூன்று இல்லை, பதினொன்று. ஏழு காம்புகளில் எண்ணினேன். தண்டில் விரல்நகம் பதியும் அளவுக்கு வரிப்பள்ளம். நடுப்பூவுக்குக் காம்பு இருக்கிறது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தேன். பூ இன்றைக்கும் இருக்கிறது. ஜூன் நடுவில் முடிந்துவிடும் என்கிறாய், இன்று ஜூலை பதினாறு. கல்லறைகளை அலங்கரிக்கும் நாளில், மே முப்பதில், அங்கே வெறும் இலைதான் இருந்தது. அதைச் சுற்றிப் புல்லை வெட்டியவன் நான், அதனால் தெரியும்.

எனக்குச் செடிகளின் பெயர் தெரியாது. எண்ணத் தெரியும்.

இனி வண்டி. நீ அதை எழுத நான்கு வருடமாகக் காத்திருந்தேன். அடக்கத்தன்று நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. மண் போட்டதும் பேருந்தில் ஏறிப் போனவள் இதுவரை வரவில்லை. கட்டளை வருகிறது, விதை வருகிறது, ஆள் வரவில்லை. திட்டவாவது வந்திருக்கலாம்.

சாவியைக் கொடுத்தது நான்தான். "மாமா, நானே ஓட்டறேன், நீங்க சாப்பிடுங்க" என்றாள். தட்டில் பாதி இருந்தது, கொடுத்துவிட்டேன். அந்த முக்கில் அதற்கு அடுத்த வருடத்திலிருந்து நான் மக்காச்சோளம் போடுவதில்லை. சாலைக்கு இரண்டு பக்கமும் நூறடிக்கு சோயாதான். இடுப்புக்குமேல் வளராது. ஏன் என்று கேட்பவர்களிடம் மண் சரியில்லை என்பேன். ஊரிலேயே நல்ல மண் அது.

உன் பூவுக்காகக் குழுவில் நான் என்ன சொல்ல வேண்டும் என்று எழுது. சொல்கிறேனா பார்க்கலாம்.

ஃபோல்கெர்ட்


டுலூத்
ஜூலை 19, 1978

ஃபோல்கெர்ட்,

முக்கைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு இன்று என்னால் பதில் எழுத முடியவில்லை. செடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கல்லறை மண் கொழுத்த மண், உயரம் கூடத்தான் செய்யும். மே மாதம் உன் இயந்திரம் நுனியைச் சீவியிருக்கும், அதனால் பிந்திப் பூத்திருக்கிறது. பதினொன்று என்று எண்ணியது இரண்டு இலைகளைச் சேர்த்து எண்ணியதாகத்தான் இருக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு எதையும் எண்ண முடியாது. பார்ஸ்னிப் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுப் போனால் பார்ப்பதெல்லாம் பார்ஸ்னிப்தான். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு இதே வியாதி.

குழுவில் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை, செய். ராடமாக்கர் கண் முன்னால் கையுறையைக் கழற்று. இலையைக் கசக்கி உன் கையில் தேய். வெயிலில் நில். உன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மூன்று பேரும் பார்க்கட்டும். பிறகு என்ன பேச்சு இருக்கிறது. கொப்புளித்தால் என் வாயை ஆயுளுக்கும் மூடிக்கொள்கிறேன்.

செடியில் ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி அனுப்பு. நீ எங்கே தப்பு செய்தாய் என்று அம்புக்குறி போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

கெசினா


நியூ எம்டன்
ஜூலை 23, 1978

அக்கா,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. கூட்டம் பகல் பன்னிரண்டுக்கு. ராடமாக்கரின் விருப்பப்படி கல்லறைத் தோட்டத்திலேயே நின்றுகொண்டு கூடினோம். அவர், நான், பீட்டர் மைன்ட்ஸ். ஹில்கா தேநீரும் கற்கண்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் பார்க்கட்டும் என்றுதான் வந்தாள்.

தீர்மானத்தை மைன்ட்ஸ் வாசித்தார். எனக்கு ஆட்சேபம் இருக்கிறது என்றேன். அக்கா எழுதியிருக்கிறாள், இது பார்ஸ்னிப் இல்லை, உள்ளூர்ப் பூ, சுடாது என்றேன். மைன்ட்ஸ் வண்டிப் பக்கம் கையைக் காட்டினார். நான் சட்டைக் கையைச் சுருட்டினேன், ஒரு பிடி இலையை ஒடித்துக் கசக்கினேன், இடது கையில் முழங்கைவரை தேய்த்தேன். சாறு வழிந்தது.

ராடமாக்கருக்கு எழுபத்தொன்பது வயது. தடியை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். "ஏம்ப்பா ஃபோல்கெர்ட், இது ஒன் அக்கா சொல்லிக் குடுத்ததா, நீயே யோசிச்சதா?" என்று கேட்டார்.

"அக்கா சொன்னது."

"அவ சொன்னா செஞ்சிருவியா?"

"செஞ்சிட்டேனே."

அரை மணி நேரம் வெயிலில் நின்றேன். அவர்கள் நிழலில் தேநீர் குடித்தார்கள். கையை நீட்டினேன், ஒன்றுமில்லை. மைன்ட்ஸ் தோண்ட வேண்டும் என்று வாக்களித்தார். நான் கூடாது என்றேன். ராடமாக்கர் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செடி இருக்கட்டும் என்றார். இரண்டுக்கு ஒன்று. குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று.

நீ கேட்டது நடந்துவிட்டது. ஹில்கா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. வண்டியில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஒங்க அக்காவுக்கு ஒரு பூ வேணும்னா, என் கை ரெண்டும் பொய்யாயிடணும் இல்ல?" அதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் அவளுக்கே எழுது.

நீ கேட்ட கிளையை இத்துடன் அனுப்புகிறேன். வெறுங்கையால் பிரிக்காதே.

ஃபோல்கெர்ட்


டுலூத்
ஜூலை 28, 1978

ஃபோல்கெர்ட்,

காட்டு பார்ஸ்னிப்.

செய்தித்தாளை முழுதாக விரிக்கவில்லை. ஒரு மூலையைத் தூக்கியதும் வாசனையிலேயே தெரிந்துவிட்டது. பிறகு எண்ணினேன். பதினொன்று.

உன் கை எப்படி இருக்கிறது? இந்தக் கடிதம் வருவதற்குள் அது தெரிந்திருக்கும். சாறு பட்டு இரண்டு நாள் கழித்துத்தான் கொப்புளிக்கும். இது எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை வகுப்பில் சொல்கிறேன். தெரிந்தும் "வெயிலில் நில்" என்று எழுதினேன், ஏனென்றால் அது பார்ஸ்னிப்பாக இருக்க முடியாது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நீ எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். ஜூலையில் பூ என்றாய். மார்பு உயரம் என்றாய். வரிப்பள்ளம் என்றாய். நடுப்பூவுக்குக் காம்பு உண்டு என்றாய். ஒரு மாணவன் இந்த நான்கையும் விடைத்தாளில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். நீ எழுதியதால் போடவில்லை. அதற்கு வேறு காரணம் இல்லை.

விதை எங்கே மாறியது என்றும் தெரிகிறது. ரயில் பாதை ஓரத்தில் ஓர் இடத்தில் மே மாதம் அலெக்சாந்தர் பூத்திருந்ததைப் பார்த்து வைத்திருந்தேன். பள்ளி வேலையில் விதைக்குப் போக செப்டம்பர் கடைசி ஆகிவிட்டது. அதற்குள் அது உதிர்ந்திருக்கும். அதே இடத்தில் காய்ந்து நின்ற குடைகளை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். அலெக்சாந்தர் விதை சீரகம்போல நீளமாக, வரிவரியாக இருக்கும். பார்ஸ்னிப் விதை தட்டை, வட்டம். உறையில் போடும்போது ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பெயர் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று இருந்துவிட்டேன். முதல் வருடம் வெறும் இலை, இரண்டாம் வருடம் பூ, பிறகு செத்துப்போகும், அதுதான் பார்ஸ்னிப். போன வருடம் பூக்கவில்லை என்று நீ எழுதியபோது பொறுமை வேண்டும் என்று உனக்குப் பாடம் நடத்தினேன்.

ஹில்காவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவள் படிக்காமல் கிழித்தால் நியாயம்தான்.

உன்மேலும் கோபமாக இருக்கிறேன். நான் சொன்னால் செய்துவிடுவதா? எண்ணத் தெரிந்தவன் எதற்குத் தேய்த்தாய்? என் வாயால் ஒருவர் கை போயிற்று, இப்போது இரண்டாவது ஆளின் கையும். ட்ரீனாவின் தலைமாட்டில் இரண்டு வருடமாக நின்றது அது. நான் வைத்தது.

வண்டியைப் பற்றி எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நினைத்ததைத்தான் எழுதினேன். ஆனால் நான் நினைத்ததெல்லாம் சரி என்று இனிமேல் எந்த முகத்தோடு சொல்வேன்?

ராடமாக்கரிடம் போய் நான் தவறு என்று சொல். நீளக்கை, கையுறை போட்டுக்கொண்டு, வெயில் இல்லாத நேரத்தில் எல்லாவற்றையும் வேரோடு தோண்டு. விதை முற்றுவதற்குள் செய். பிறகு அவர்கள் இஷ்டப்படி புல் விரித்துக்கொள்ளட்டும். எனக்கு இனி கேட்க வாயில்லை.

கெசினா


நியூ எம்டன்
ஆகஸ்ட் 2, 1978

அக்கா,

கை கேட்டாய். போன வாரம் திங்கட்கிழமை மாலை ஆரம்பித்தது. மூன்று கொப்புளங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கோழிமுட்டை அளவு. இப்போது உடைந்து காய்கிறது. டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் இதை சாலடில் போட்டுச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

எதற்குத் தேய்த்தாய் என்று கேட்கிறாய். ஹில்காவுக்குச் சனிக்கிழமை பட்டது, திங்கட்கிழமை கொப்புளித்தது. இதை உனக்கு முதல் கடிதத்தில் எழுதியதே நான்தான். எனக்கு இரண்டுவரை எண்ணத் தெரியாது என்றா நினைத்தாய்? அரை மணி நேரத்தில் ஒன்றும் தெரியாது என்று தெரிந்துதான் நின்றேன். இலை பதினொன்று என்று தெரிந்துதான் கசக்கினேன். நான்கு வருடத்தில் நீ என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். சாவியைக் கொடுத்தவன் இதையும் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றியது. அவ்வளவுதான். அது புத்தியுள்ளவன் செய்கிற வேலை இல்லை என்று ஹில்கா சொல்கிறாள், அவள் சொல்வது சரி.

அவளிடம் மறைக்கத்தான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை சட்டை துவைக்கப் போட்டதில் பிடிபட்டேன். கையைத் தூக்கிப் பார்த்தாள். தன் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இப்பவாவது நம்பறீங்களா?" என்றாள். எப்போதும் நம்பினேன் என்றேன். அதற்குத்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது. நம்பாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பாளாம். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை, படித்தாள். பதில் போட மாட்டேன் என்கிறாள்.

போன ஞாயிறு தொண்ணூற்றைந்து டிகிரி வெயிலில் நீளக்கைச் சட்டையோடு சபையில் உட்கார்ந்திருந்தேன். ஆராதனை முடிந்ததும் ராடமாக்கரிடம் போய் நானே சொன்னேன். நான் பொய் சாட்சி சொல்லிவிட்டேன், அது பார்ஸ்னிப்தான், எனக்கு அப்போதே தெரியும் என்றேன்.

"எனக்குந்தான் தெரியும். அறுவது வருஷமா அந்தச் சனியன வெட்டிக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றார்.

"அப்ப எதுக்கு இருக்கட்டும்னீங்க?"

"ஒருத்தன் தெரிஞ்சே கைய சுட்டுக்கறான்னா, அவன்கிட்ட அதுக்கு மேல என்னத்த கேக்கறது?"

குறிப்பேட்டில் எழுதியது எழுதியதாம். அடுத்த கூட்டம் ஏப்ரலில். அதுவரை அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம்.

உன் கடிதம் இந்தத் திங்கட்கிழமை வந்தது. அன்று மாலையே தோண்டிவிட்டேன். இருபத்தாறு செடிகள். வேர் கேரட்போல ஆழமாக இறங்கியிருந்தது. ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி எடுத்துவந்து எரித்தேன். மறுநாள் காலை மைன்ட்ஸ் நல்லெண்ணத்தில் புல் பாளங்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். திரும்ப ஏற்றச் சொன்னேன். ஏற்றிக்கொண்டு போனார், இப்போது அவருக்கும் என்மேல் கோபம்.

இப்போது நீ கேள். புல் விரித்துக்கொள்ளட்டும், எனக்குக் கேட்க வாயில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது, கை எரிந்தபோது வந்ததைவிட. தப்பு செய்தால் ஒரு கடிதம் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று உனக்கு யார் சொன்னது? நான் ஒதுங்கினேனா? தினம் இரண்டு தடவை அந்த முக்கைக் கடந்துதான் வயலுக்குப் போகிறேன்.

இன்னொரு உறை அனுப்பினால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன். அந்தப் பூ வேண்டுமானால் நீயே பார்த்துப் பறி, நீயே கொண்டுவா, நீயே மண்டியிட்டு மண்ணைக் கீறு. பக்கத்தில் நின்று திட்டுவதற்கு நான் வருகிறேன், நீயும் என்னைத் திட்டு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, ஹில்கா பேசுவாளா என்று எனக்குத் தெரியாது.

ட்ரீனாவின் கல்லுக்கு முன்னால் இப்போது மூன்றடிக்கு ஆறடி கறுப்பு மண். சபைக்கு வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள், நேற்றுப் புதைத்தது போல இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். சனிக்கிழமைதோறும் போய்க் கொத்திவிட்டு வருவேன். புல்லையும் முளைக்க விடமாட்டேன், பூவையும் முளைக்க விடமாட்டேன். நீ வருகிறவரை அது வெறும் மண்ணாகவே கிடக்கும்.

ஃபோல்கெர்ட்